கிராமத்துக்கு குழாய்த்தண்ணி கொண்டுபோன அனுபவம் – வேலை பார்த்தவங்க வந்து சொல்லுங்க

ஒரு மலையோர கிராமத்துல குழாய்த்தண்ணி வேலைக்கு தன்னார்வலரா போயிருந்தேன், அதப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். தண்ணிய ஊருக்குள்ள கொண்டு வர்றத விட, நாம கிளம்பிப் போனதுக்கு அப்புறமும் அது நிக்காம வரணும், அதுதான் பெரிய விஷயம். அதுக்கு அந்த ஊர்லயே ஸ்பேனர் புடிக்கிற ஆள் இருக்கணும். நான் எழுதப்போறது முக்கால்வாசி அதப் பத்திதான்.

அங்க கரண்ட நம்பி மோட்டார் வைக்க முடியாது. அதனால மேல இருக்கற ஊத்துத் தண்ணிய அப்படியே சரிவுல எறக்கி, நடுவுல டேங்க் கட்டி, அங்கேருந்து தெருக்குழாய்க்கு விடுறதுதான் திட்டம். வந்த பசங்க எல்லாரும் மொத நாளே பள்ளம் தோண்ட ரெடியா நின்னாங்க, ஆனா கூட வந்த இன்ஜினியர் கோடைக்கடைசில ஊத்த அளக்காம ஒரு அடி பைப் கூட வாங்கக்கூடாதுன்னு கறாரா சொல்லிட்டாரு. மழை பேஞ்ச கையோட எந்த ஊத்துதான் பொங்காது, வத்துற மாசத்துல எவ்ளோ வருதோ அதுதான் கணக்கு. அளக்கவும் பெரிய கருவி எதுவும் வேணாம், 20 லிட்டர் பக்கெட்டும் செல்போன்ல ஸ்டாப்வாட்ச்சும் போதும். பக்கெட் ரொம்ப 40 செகண்ட் ஆச்சுன்னா செகண்டுக்கு அரை லிட்டர், அதாவது ஒரு நாளைக்கு 43,200 லிட்டர். ராத்திரி யாரும் புடிக்கலன்னாலும் ஊத்து ஓடிட்டேதான் இருக்கும், அத சேத்து வைக்கத்தான் டேங்க்கே.

எந்த ஊத்து எந்த வருஷம் வத்துச்சுன்னு எந்த ஆபீஸ் ஃபைல்லயும் இருக்காது. எங்களுக்கு அத சொன்னது ஒரு பாட்டி. "இது நல்லா கொட்டுதேன்னு பாக்காதீங்க, வெயில் ஏறுனா இது மொதல்ல போயிடும், அந்தப் பாறைக்குப் பின்னாடி சன்னமா கசியுது பாருங்க, அது என் கண்ணுக்குத் தெரிஞ்சு நின்னதே இல்ல"ன்னு கைய காட்டுனாங்க. அந்தக் கசிவத்தான் தோண்டி, சுத்தி கட்டி, மேல மூடி போட்டு எடுத்தோம்.

குழாய எங்க வைக்கிறதுன்னு பெரிய பேச்சு நடந்துச்சு. ஆம்பளைங்க எல்லாம் ஊர் கூடற இடத்துல வச்சா பாக்க நல்லாருக்கும்னாங்க. தண்ணி தூக்குறவங்கள யாருமே கேக்கல. எங்க டீம்ல இருந்த அக்காதான் பொம்பளைங்கள தனியா உக்கார வச்சுப் பேசுனாங்க, அப்போ ஒரு பொண்ணு சொன்னத என்னால மறக்கவே முடியாது. "குடம் ரொம்புன பிறகு தலைக்கு தூக்கி விட ஒரு ஆள் வேணும்க்கா, ஆள் இல்லன்னா யாராச்சும் வர்ற வரைக்கும் அங்கயே நிக்கணும், இடுப்பு உயரத்துல ஒரு திண்டு கட்டி குடுத்தீங்கன்னா நானே ஏத்திக்குவேன்." வரைபடத்துல அந்தத் திண்டு இல்லவே இல்ல. செங்கல்லும் கொஞ்சம் சிமெண்டும்தான், ஒவ்வொரு குழாய்கிட்டயும் கட்டிட்டோம்.

அப்புறம் பைப். 10 மீட்டர் எறக்கத்துக்கு ஏறக்குறைய 1 பார் பிரஷர்னு வச்சுக்கோங்க, ரொம்ப செங்குத்தா எறங்குற இடத்துல பைப் தாங்காது, அதனால நடுவுல ஒரு சின்ன தொட்டி கட்டி தண்ணிய வெளிய விட்டு பிரஷர கொன்னுட்டு திரும்ப எறக்கணும். மேடு பள்ளமா போற லைன்ல இன்னொரு வில்லங்கம் இருக்கு, மேட்டுல காத்து மாட்டிக்கும். மேல வால்வ தொறந்து விட்டாச்சு, கீழ ஊரே குழாய சுத்தி நிக்குது, ஒரு சொட்டு வரல. அப்போ எங்களோட பள்ளம் தோண்டுன உள்ளூர் அண்ணன் ஒருத்தர் யார்கிட்டயும் எதுவும் சொல்லாம ஸ்பேனர எடுத்துட்டு லைன் ஓரமாவே மேல ஏறுனாரு. மேட்டுல ஒரு ஜாயிண்ட லேசா லூஸ் பண்ணாரு, புஸ்ஸுன்னு காத்து போச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு தண்ணி பீய்ச்சி அடிச்சதும் திரும்ப இறுக்கிட்டாரு. கீழ குழாய் மொதல்ல இருமுச்சு, செம்மண் கலர்ல கொஞ்சம் துப்புச்சு, அப்புறம் தெளிஞ்சு வந்துச்சு. அந்த மேட்டுல பிறகு ஏர் வால்வு போட்டாச்சு. அந்த அண்ணன்தான் இன்னிக்கும் அந்த லைன பாத்துக்கறாரு.

தெளிவா இருந்தா சுத்தம்னு நெனச்சுடாதீங்க. கிருமி இருந்தா கருப்பா மாறற மருந்து உள்ள இருக்கற டெஸ்ட் பாட்டில்ல தண்ணிய புடிச்சு ஒரு நாள் வெச்சோம், கருப்பா மாறிடுச்சு, கிருமி இருக்குன்னு அர்த்தம். ஊத்துக்கு மேல ஆடு மாடு மேயறதுதான் காரணமா இருக்கும்னு வேலி போட்டோம், மழைத்தண்ணி உள்ள எறங்காம ஓரமா திருப்பி விட்டோம், டேங்க்ல குளோரின் கலக்க ஆரம்பிச்சோம். குளோரின் கலந்து அரை மணி நேரம் விட்டுத்தான் தண்ணிய திறக்கணும், குழாய்ல புடிக்கும்போது லிட்டருக்கு 0.2-ல இருந்து 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்கணும். வாடை வருதுன்னு சில பேர் குடிக்கவே மாட்டேன்னாங்க. அவங்க எதிர்லயே டெஸ்ட் பாட்டில் ரெண்டு வச்சோம், ஒண்ணு கலக்காதது, ஒண்ணு கலந்தது. மறுநாள் வந்து அவங்களே பாத்தாங்க, அதுக்கப்புறம் யாரும் பேசல.

மத்தவங்களும் எழுதுங்க, குறிப்பா சமவெளில போர் போட்டு வேலை பார்த்தவங்க.

*

அண்ணா அருமையா எழுதிருக்கீங்க, அந்தத் திண்டு விஷயம் படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. நான் வேலை பார்த்தது போர் தண்ணி. எங்களுக்கு கிருமிய விட பயம், மண்ணுக்கு அடியில இருந்தே தண்ணில கரைஞ்சு வர்ற ஃபுளோரைடும் ஆர்சனிக்கும்தான். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், ஆர்சனிக் 0.01 மில்லிகிராம், இதுக்கு மேல போகக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ரெண்டும் கண்ணுக்கும் தெரியாது நாக்குக்கும் தெரியாது, கொதிக்க வச்சாலும் போகாது, தண்ணி சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும். வங்கதேசத்துல வயித்துப்போக்குல இருந்து காப்பாத்தணும்னு நல்ல மனசோடதான் 1970-கள்ல ஊர் ஊரா குழாய்க்கிணறு போட்டாங்க, அதுல ஆர்சனிக் இருக்குன்னு கண்டுபுடிச்சது 1993-லதான், அதுக்குள்ள எத்தனை பேர் குடிச்சிருப்பாங்க. அதனால லேப் ரிப்போர்ட் கைக்கு வராம கைப்பம்பு மாட்டவே விடமாட்டோம், ஊர்க்காரங்க கோச்சுக்கிட்டாலும் சரி.

ஒண்ணு கேக்கணும், உங்க ஊர்ல ரிப்பேர் செலவுக்கு யாரு காசு குடுக்கறாங்க? நான் பார்த்த நெறைய ஊர்ல ஒரு வாஷர் தேஞ்சு போனதுக்கு குழாயையே கைவிட்டுட்டு திரும்ப குளத்துக்கு போயிட்டாங்க.

*

நல்ல கேள்விங்க. வீட்டுக்கு வீடு மாசம் ஒரு சின்ன தொகை போடறாங்க, கணக்கு எழுதறது அந்தத் திண்டு கேட்ட பொண்ணுதான். முடியாதவங்க வேலைக்கு வந்து டேங்க் கழுவி குடுப்பாங்க, அதுவும் நோட்டுல வரவா ஏறும். தண்ணி மனுஷனோட உரிமைன்னு ஐநா 2010-லயே தீர்மானம் போட்டாச்சு, அதனால காசு இல்லன்னு யார் வீட்டுத் தண்ணியும் நிறுத்தக்கூடாதுன்னு கூட்டத்துல மொதல்லயே பேசி முடிவு பண்ணிட்டாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி வாஷர், டேப், ரெண்டு கேட் வால்வு, மிச்சப் பைப் எல்லாத்தையும் ஒரு பெட்டில போட்டு குடுத்தோம், ஒரு சாவி அந்த அண்ணன்கிட்ட, இன்னொண்ணு அந்தப் பொண்ணுகிட்ட. வாஷர் மாத்த பொம்பளைங்க ரெண்டு மூணு பேருக்கும் சொல்லிக் குடுத்திருக்கு, ஏன்னா குழாய் ஒழுகுனா மொதல்ல பாக்கறது அவங்கதான், அண்ணன் வேலைக்கு வெளியூர் போயிட்டா அவரு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல. போன வாரம் பேசுனப்போ கீழ்த்தெரு வால்வு ஒண்ணு லீக் ஆகுதுன்னாங்க, பெட்டில இருந்தத எடுத்து அவங்களே மாத்திட்டாங்களாம், புதுசா ஒண்ணு வாங்கி உள்ள வச்சாச்சுன்னும் சொன்னாங்க.