மூணடி தொட்டி லீக் ஆகுது, நாலு தங்கமீனையும் எங்க மாத்தறது? அவசரம்

அம்பத்தூர்_அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். எங்க வீட்டு தொட்டி 36க்கு 15, உயரம் 18 இஞ்ச், வாங்கி ஆறு வருஷம் ஆகுது. உள்ளங்கை சைஸ்ல நாலு தங்கமீன் இருக்கு. நேத்து காலைல ஸ்டாண்டுக்கு கீழ இருந்த மிதியடி நனைஞ்சிருந்துச்சு, பாப்பா தண்ணி கொட்டிருப்பான்னு தொடச்சுட்டு விட்டுட்டேன், சாயங்காலம் பாத்தா மறுபடி ஈரம், அப்பறம் பின்பக்க இடது மூலைல அடியில விரல் வெச்சு பாத்தா சொட்டு விரல்லயே நிக்குது. கண்ணாடில மார்க்கர்ல கோடு போட்டு வெச்சேன், விடியறதுக்குள்ள கால் இஞ்ச் எறங்கிருச்சு.

வெளிப்பக்கமா சிலிகான் பசை அடிச்சிடலாம்ங்கறார் வீட்டுக்காரர். மீனுங்கள எதுல வைக்கறதுன்னு தெரியல, மாமியாரோட பெரிய பித்தளை அண்டா ஒண்ணு இருக்கு, அதுல வைக்கலாமா? எந்த மீனுக்கும் ஒண்ணும் ஆகக்கூடாதுங்க, பாப்பா பொறந்தப்ப வாங்கினது.

கொளத்தூர்_குமரன்:
சிஸ்டர், அண்டா வேணவே வேணாம். பித்தளைல செம்பு இருக்கு, தண்ணில லேசா எறங்கினாலே மீனுக்கு விஷம். பிளாஸ்டிக் டிரம் இல்லன்னா பெரிய டப், 80 லிட்டராவது புடிக்கணும், தங்கமீன் நெறைய கழிவு விடும், பக்கெட்ல மூணு நாள் தாங்காது. சோப்புத் தூள் பட்டது எதுவும் கூடாது, எவ்ளோ கழுவினாலும் நம்பாதீங்க.

தொட்டித் தண்ணியவே டிரம்முக்கு மாத்துங்க, குழாய்ல புதுசா புடிக்காதீங்க. ஃபில்டர் ஸ்பாஞ்ச எடுத்து கழுவிடப் போறீங்க, அதையும் சொல்லிடறேன். அதுலதான் அம்மோனியாவ முறிக்கற பாக்டீரியா குடியிருக்கு, மெட்ரோ வாட்டர் குளோரின் பட்டா செத்துடும், காய விட்டாலும் செத்துடும். அழுக்கோட அப்படியே டிரம்முல போட்டு ஃபில்டர ஓட விடுங்க, காத்துக்குமிழி விடற ஏர் ஸ்டோனும் போடுங்க. மொத ரெண்டு நாள் தீனி வேணாம், தங்கமீன் அதுல ஒண்ணும் ஆகாது. மேல கொசுவலை கட்டிடுங்க, புது எடம்னா துள்ளும்.

மதுரை_மீனாளன்:
கால் இஞ்ச்னா உங்க தொட்டில ரெண்டு லிட்டருக்கு மேல வருதுக்கா, ஒரு ராத்திரில அவ்ளோ ஆவியாப் போகாது, லீக்குதான்.

வெளிய அடிச்சா நிக்காதுக்கா. தண்ணி உள்ள இருந்து வெளிய தள்ளுது, வெளிய ஒட்டினத தள்ளித்தான் விடும், உள்பக்கம் அடிச்சாத்தான் தண்ணியே அத கண்ணாடியோட அமுக்கும். இன்னொண்ணு, புது சிலிகான் பழைய சிலிகான் மேல சரியா புடிக்காது. அதனால லீக் ஆகற மூலைல மட்டும் தடவாம உள்பக்க ஓரத்துல இருக்கற பழசு முழுக்க பிளேடால சீவி எடுக்கணும், ஒரு அரை நாள் வேலை, பொறுமையா செய்யணும். ஆனா ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல இருக்கற சிலிகான்ல பிளேட விடாதீங்க, தொட்டிய தாங்கறதே அதுதான். அந்த நடு ஜாயின்ட்லயே நீளமா காத்துக்குமிழி தெரிஞ்சா சொல்லுங்க, அப்ப இந்த வைத்தியம் பத்தாது, பிரிச்சு ஒட்டத் தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கணும்.

சீவினதும் ஸ்பிரிட் தொட்ட துணியால தொடச்சு நல்லா காயணும். ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி சிலிகான வுட்டு, விரலால ஒரே இழுப்பா இழுத்துட்டு உடனே டேப்ப உரிச்சிடணும், மேல ஆடை கட்டினப்பறம் உரிச்சா ஓரம் பிஞ்சு வரும். டியூப்ல பூஞ்சை புடிக்காதுன்னு போட்டிருந்தா அது பாத்ரூமுக்கு, அந்த மருந்து மீனுக்கு ஆகாது. மீன்தொட்டிக்குன்னே போட்டது வாங்குங்க.

காயறதுதான் முக்கியம். நான் 2019ல அவசரப்பட்டு ஒரே ராத்திரில தண்ணி ரொப்பிட்டேன், கிட்ட போனா வினிகர் வாடை இருந்துச்சு, பரவால்லன்னு மோலி மீன விட்டேன், மூணு மோலி சாயங்காலத்துக்குள்ள மேல வந்து வாயத் தெறந்து தெறந்து போயிருச்சு. இப்பவும் அந்த வாடை வந்தா மனசு கஷ்டமா இருக்கும். உள்ள இன்னும் காயலன்னுதான் அந்த வாடைக்கு அர்த்தம். மூணு நாள் முழுசா விடுங்க, மூலைல மூக்க வெச்சு மோந்து பாருங்க.

திருச்சி_நீர்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஸ்டாண்டயும் ரசமட்டம் வெச்சு பாத்துடுங்க, ரொப்பினா தண்ணியே 160 கிலோ கிட்ட வரும், ஒரு கால் எறங்கி இருந்தாலும் அந்த மூலைலதான் இழுக்கும். அடியில தெர்மாகோல் ஷீட் இல்லன்னா போடுங்க. எங்க ஏரியால மாதிரி அங்கயும் கரன்ட் போகும்னா பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கைல இருக்கட்டும், டிரம்முல காத்து நின்னா தாங்காது.

அம்பத்தூர்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. 100 லிட்டர் டிரம் புதுசா வாங்கி நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டோம். நடு ஜாயின்ட்ல குமிழி எதுவும் இல்ல. லீக் ஆன மூலைல பழைய சிலிகான் நகத்தால இழுத்தாலே ரப்பர் மாதிரி கழண்டு வந்துச்சு. ஸ்டாண்டும் இடது பக்கம் எறங்கிதான் இருந்துச்சு, அட்டை சொருகி சரி பண்ணியாச்சு. இது நாலாவது நாள், வாடை சுத்தமா இல்ல. மீன் இல்லாம ரொப்பி, அடியில நியூஸ்பேப்பர் விரிச்சு வெச்சிருக்கோம், நேத்து ராத்திரிலேந்து பேப்பர் காஞ்சே இருக்கு. அந்த தண்ணி மெட்ரோ வாட்டர், மீன விடறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்?

கொளத்தூர்_குமரன்:
இன்னும் ஒரு நாள் பேப்பர பாருங்க. அப்பறம் அத முழுசா எறக்கிடுங்க, புது சிலிகான் கழுவின தண்ணி அது. திரும்ப ரொப்பும்போது பாதி டிரம் தண்ணி, மீதி புதுத்தண்ணில குளோரின முறிக்கற மருந்து, பாட்டில்ல போட்டிருக்கற அளவு. ஸ்பாஞ்ச் அப்படியே போகட்டும். மீன கவர்ல போட்டு கால் மணி நேரம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா தொட்டித் தண்ணி கலந்து விடுங்க. தீனி மறுநாள், அதுவும் அரைவாசிதான்.