கீரிச் சம்பாவில் நாசி கொரெங்: சோறு ஒட்டாமல் எடுப்பது எப்படி?

உப்புவெளி அம்மா:
வணக்கம். மகன் ஏ.எல். படிக்கிறான். சனிக்கிழமை ரியூசன் முடிந்து வந்தால் நாசி கொரெங் என்கிற இந்தோனேசியப் பொரித்த சோறுதான் வேணும் என்று நிற்பான். ஒவ்வொரு முறையும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது, அதனால் மூன்று பேருக்கும் வீட்டில் நானே செய்கிறேன். கீரிச் சம்பாவை ரைஸ் குக்கரில் போட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, தாச்சியில் பிரட்டுகிறேன். சோஸ் ஊற்றியதும் சோறு களி மாதிரி திரண்டுவிடுகிறது. பாஸ்மதி வாங்கினால்தான் சரிவருமா? இந்தோனேசியாக்காரர் ஊற்றுகிற இனிப்பு சோயா சோஸும் நான் போகிற கடைகளில் இல்லை. அதற்குப் பதிலாக என்ன போடலாம்? என்னிடம் இருப்பது சாதாரண இரண்டடுப்பு காஸ் குக்கர்.

நிலாவெளி குசினி:
தங்கச்சி, பாஸ்மதி தேவையில்லை. நிலாவெளியில் ஒரு ஹோட்டல் குசினியில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன், கீரிச் சம்பாவில் அருமையாக வரும். இந்தச் சாப்பாட்டுக்கு மட்டும் ரைஸ் குக்கரை விட்டுவிடுங்கள்.

கழுவுகிற தண்ணீர் தெளியும்வரை அரிசியைக் கழுவுங்கள். மேலே ஒட்டியிருக்கிற மாவுதான் பிறகு பசையாகிறது. பெரிய பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அரிசியைப் போட்டு, இடைக்கிடை ஒரு பருக்கையை எடுத்து நசித்துப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளை தெரியும்போதே வடித்துவிட வேண்டும். அகலத் தட்டில் பரப்பி ஃபேனுக்குக் கீழே வையுங்கள். ஆவி அடங்கியதும் மூடி பிரிட்ஜில். ஒரு இரவு குளிரில் கிடந்தால் சோற்றின் மாச்சத்து இறுகிவிடும். அடுத்த நாள் கையால் உதிர்த்தால் மணி மணியாகப் பிரியும்.

அடுத்தது நெருப்பு. மூன்று பேருக்கான சோற்றையும் ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். கடை அடுப்பின் நெருப்பு வேறு. நம் வீட்டு அடுப்பில் அவ்வளவு குளிர்ந்த சோறும் விழுந்தால் தாச்சியின் சூடு இறங்கி, சோறு பொரியாமல் அவியத் தொடங்கும். ஒவ்வொரு ஆளுக்காகப் பிரட்டி எடுங்கள். நேரம் கொஞ்சம் கூடப் போகும், போகட்டும்.

ருசியில் முக்கால்வாசி அரைத்த கூட்டில்தான் இருக்கிறது. ஐந்தாறு செத்தல் மிளகாயைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், நாலு பல்லு உள்ளி, ஒரு மேசைக்கரண்டி வறுத்த கூனி இறால் சேர்த்து அரையுங்கள். இந்தோனேசியாவில் இறாலைப் புளிக்கவைத்துச் செய்த பசையைப் போடுவார்கள். நம்மூர்க் கூனி அந்த வேலையை நன்றாகவே செய்யும். கூட்டை எண்ணெயில் அவசரப்படாமல் வதக்குங்கள். முதலில் மூக்கில் ஏறும், தும்மல் வரும். பிறகு அந்தக் காட்டம் தணிந்து, சிவப்பு கொஞ்சம் கறுத்து, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, கூனி மணம் மேலே எழும். அந்த நேரத்தில்தான் சோறு விழ வேண்டும்.

இனிப்பு சோஸுக்குக் கால் கோப்பை சோயா சோஸும் அதே அளவு சீவிய பனங்கட்டியும் சின்னத் தீயில் கரைத்து, தேன் பதத்துக்குச் சற்று முன்பே இறக்குங்கள். ஆறும்போது தடிக்கும். ஒரு ஆள் சோற்றுக்கு ஒரு மேசைக்கரண்டி போதும். சோற்றின் மேல் ஊற்றாமல் தாச்சியின் ஓரத்தில் ஊற்றினால் நீர் உடனே வற்றிவிடும், சோறு நனையாது. உப்பை ருசி பார்த்த பிறகே போடுங்கள், சோயாவிலும் கூனியிலும் ஏற்கெனவே இருக்கிறது.

உவர்மலை தாதி:
அக்கா, அண்ணா சொன்ன முறை நல்லது, ஆனால் சோறு ஆறவைக்கிற இடத்தில் கவனம். அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கலாம், கொதித்தாலும் அவை தப்பிவிடும். வெளியில் வைத்த சோற்றில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு மறுநாள் தாச்சிச் சூட்டிலும் போகாது. திருகோணமலை வெக்கையில் சோற்றை இரவு முழுக்க மேசையில் விடவே கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள், அடுத்த நாளே முடித்துவிடுங்கள். இரவு நெடுநேரம் கரண்ட் போயிருந்தால் அந்தச் சோற்றைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

மூதூரான்:
நான் புழுங்கல் நாட்டரிசியில் செய்கிறேன். நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்தது என்பதால் பருக்கை இறுக்கமாக நிற்கும், குழையாது. பிள்ளைகளுக்குக் கீரிச் சம்பாதான் பிடிக்கும் என்றால் அது வேறு. கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்து இறால் விலை ஏறினால், இறாலை விட்டுவிட்டுக் கூனியைக் கூட்டுங்கள். கோவாவும் கரட்டும் தண்ணீர் விடும், அதனால் நூலாக அரிந்து தனியாக வதக்கிக் கடைசியில் சேர்ப்பது நல்லது. பக்கத்தில் வெள்ளரிக்காயும் வெங்காயமும் வினாகிரியில் போட்டு வையுங்கள்.

உப்புவெளி அம்மா:
எல்லோருக்கும் மிக்க நன்றி. வெள்ளி இரவே சோறு வடித்து வைக்கிறேன். அண்ணா, இறாலும் முட்டையும் எப்போது போடுவது?

நிலாவெளி குசினி:
இறாலைக் கோது உடைத்துக் கழுவி, துணியில் ஒற்றி ஈரம் எடுங்கள். எல்லாவற்றுக்கும் முதல் அதைத்தான் பொரிக்க வேண்டும், சிவந்து வளைந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் றப்பர் மாதிரி ஆகிவிடும். அதே எண்ணெயில் கூட்டை வதக்குங்கள். இறக்கும்போது இறால் திரும்பப் போகட்டும். முட்டையைச் சோற்றுக்குள் கிளற வேண்டாம். ஆளுக்கொன்று தனியாக, ஓரம் முறுகப் பொரித்து மேலே வையுங்கள்.