லாட், லீவரேஜ், மார்ஜின்: 12,000 டாலர் வர வேண்டியிருக்கிறது, எத்தனை லாட் போடணும்?

காலாகில்லா_தோல்பை

வணக்கம். தாராவியில் காலா கில்லா பக்கம் தோல் பை, பர்ஸ் தைக்கிற சின்ன யூனிட் எங்களுடையது. அப்பா காலத்தில் சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டுக் கடைகளுக்கு மட்டும்தான் சரக்கு போகும், இப்போது கொஞ்ச காலமாக வெளிநாட்டு ஆர்டரும் வருகிறது. இந்த முறை 12,000 டாலர் இன்வாய்ஸ். சரக்கு போய்விட்டது, பணம் 60 நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் டாலர் இறங்கிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது, ஏனென்றால் ஒரு பைக்கு எங்கள் கையில் நிற்பதே கொஞ்சம்தான்.

தெரிந்தவர் ஒருவர் போனில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஆப் திறந்து காட்டினார். அதில் 0.01 லாட், 0.1 லாட், 1 லாட் என்று இருக்கிறது. லீவரேஜ் 1:500, 500 டாலர் போட்டால் இரண்டரை லட்சம் டாலருக்கு வியாபாரம் பண்ணலாம் என்கிறார். என் பங்குத் தரகரிடம் கேட்டால் ஒரு லாட் என்றால் 1,000 டாலர், மார்ஜின் சில சதவீதம் என்று வேறு கணக்குச் சொல்கிறார். லாட் என்றால் எந்த லாட்? லீவரேஜும் மார்ஜினும் ஒன்றா, வேறா? எனக்கு எத்தனை லாட் வேண்டும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

செம்பூர்_கணக்கர்

லாட் என்பது ஒரு ஆர்டரின் அளவு, அவ்வளவுதான். அந்த அளவு சந்தைக்குச் சந்தை மாறுவதால்தான் குழப்பம். வெளிநாட்டு ஃபாரெக்ஸ் (அந்நியச் செலாவணி) தரகர்களிடம் 1 லாட் என்றால் 1,00,000 யூனிட் (டாலரோ யூரோவோ, எந்தப் பணத்தை வாங்குகிறோமோ அதில்), 0.1 லாட் என்றால் 10,000, 0.01 லாட் என்றால் 1,000. நம் தேசியப் பங்குச்சந்தையில் டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசி வைக்கிற ஒப்பந்தம்) 1 லாட் என்றால் 1,000 டாலர். யூரோவும் பவுண்டும் அதேபோல் 1,000, யென் மட்டும் 1,00,000. அதாவது உங்கள் தரகர் சொல்லும் ஒரு லாட்டும் அந்த ஆப்பில் 0.01 என்று தெரிவதும் ஏறக்குறைய ஒரே அளவு. இதைத் தெரியாமல் அங்கே போய் '1' என்று அடித்தால் நூறு மடங்கு போட்டதாக ஆகிவிடும்.

விலை எவ்வளவு நகர்ந்தால் எவ்வளவு பணம் என்பதையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சந்தையில் டாலர்–ரூபாய் குறைந்தபட்சம் கால் பைசா நகரும், ஒரு லாட்டுக்கு அது 2.50 ரூபாய். ஒரு ரூபாய் நகர்ந்தால் லாட்டுக்கு 1,000 ரூபாய். 12 லாட் என்றால் 12,000 ரூபாய்.

மார்ஜின் என்பது சயானில் வாடகை வீட்டுக்குக் கொடுக்கிற டெபாசிட் மாதிரி. அது வீட்டின் விலையும் இல்லை, செலவும் இல்லை, சேதம் ஏதாவது வந்தால் பிடித்துக்கொள்ள முன்கூட்டி வாங்கி வைக்கிற பணம். கணக்குக்காக டாலர் 90 ரூபாய், மார்ஜின் 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம் (இரண்டும் மாறிக்கொண்டே இருக்கும், அன்றைய மார்ஜினைத் தரகரின் கால்குலேட்டரில் பாருங்கள்). 12 லாட்டின் மதிப்பு 10,80,000 ரூபாய், மார்ஜின் 32,400 ரூபாய். அந்த 10,80,000-ஐ 32,400-ஆல் வகுத்தால் சுமார் 33 வருகிறதல்லவா, அதைத்தான் லீவரேஜ் என்கிறார்கள். ஒரே கணக்கை இந்தப் பக்கம் பார்த்தால் மார்ஜின், அந்தப் பக்கம் பார்த்தால் லீவரேஜ்.

மாட்டுங்கா_மாலை

மேலே சொன்னது சரி. ஆனால் 1:500 பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, ஏனென்றால் நிறையப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 1:500 என்பது உச்சவரம்பு. அதை வைத்து உங்கள் ஆபத்தை அளக்க முடியாது. ஆபத்தை முடிவு செய்வது நீங்கள் போடும் லாட்டும் கணக்கில் இருக்கும் பணமும்தான்.

500 டாலர் போட்டு, யூரோ–டாலர் 1.10-இல் 1 லாட் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மதிப்பு 1,10,000 டாலர், 1:500-இல் மார்ஜின் 220 டாலர். மீதி 280 டாலர் சும்மா இருக்கிறது, இன்னும் ஒரு லாட் வாங்கலாம் போலத் தோன்றும். ஆனால் 1 லாட்டில் ஒரு பிப், அதாவது 0.0001 நகர்ந்தால் 10 டாலர். விலை 28 பிப் எதிராகப் போனாலே அந்த 280 காலி. 'மார்ஜினில் பாதி மிஞ்சியதும் மூடிவிடுவோம்' என்று விதி வைத்திருக்கும் தரகராக இருந்தால் 39 பிப்பில் உங்களைக் கேட்காமலே பொசிஷனை, அதாவது நீங்கள் திறந்து வைத்திருக்கும் வியாபாரத்தை, மூடிவிடுவார்கள், கையில் 110 டாலர் நிற்கும். யூரோ–டாலர் ஒரே நாளில் 50 பிப் நகர்வது சர்வசாதாரணம், அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் வரும் மாலையில் சில நிமிடங்களிலேயே நகரும். மாலைக்குள் நீங்கள் நினைத்தபடியே விலை திரும்பி வந்திருக்கலாம், ஆனால் நீங்கள் அதில் இருக்க மாட்டீர்கள்.

அதே 500 டாலர், அதே 1:500, ஆனால் 0.01 லாட் என்றால்? ஒரு பிப்புக்கு 10 சென்ட். 39 பிப் போனாலும் நஷ்டம் 4 டாலருக்குள். முதலாவதில் உங்கள் பணத்தைப் போல் 220 மடங்கு சுமக்கிறீர்கள், இரண்டாவதில் 2.2 மடங்கு. 'மார்ஜின் எத்தனை லாட்டுக்கு இடம் தருகிறது' என்று யாராவது பேச ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். எவ்வளவு நஷ்டம் தாங்குவேன், எவ்வளவு தூரம் விலை போக விடுவேன் என்று முதலில் எழுதி, அதிலிருந்து லாட்டுக்கு வர வேண்டும்.

ஸ்டாப் லாஸ், அதாவது விலை இவ்வளவு எதிராகப் போனால் தானாக மூடிவிடு என்கிற ஆர்டர், போட்டால் போதாதா என்று அடுத்து கேட்பார்கள். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் தாங்கிப் பிடித்திருந்ததை முன்னறிவிப்பில்லாமல் கைவிட்டது. இடையில் வாங்கவோ விற்கவோ ஆளே இல்லாமல் விலை பாய்ந்தது, ஸ்டாப் லாஸ் போட்டவர்களுக்கும் அந்த விலை கிடைக்கவில்லை. அல்பாரி யுகே என்ற தரகு நிறுவனம் திவாலானது, எஃப்எக்ஸ்சிஎம் என்ற இன்னொரு தரகரின் வாடிக்கையாளர்கள் சுமார் 22.5 கோடி டாலர் கடன்பட்டு நின்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018-இலிருந்து சில்லறை வாடிக்கையாளருக்கு யூரோ–டாலர் போன்ற முக்கிய ஜோடிகளில் 30 மடங்குக்கு மேல் லீவரேஜ் கொடுக்கக் கூடாது. அதை நினைத்துப் பார்த்தால் 1:500 எப்படிப்பட்ட இடத்திலிருந்து வருகிறது என்று புரியும்.

பிகேசி_தமிழன்

தோல்பை அண்ணாச்சி, அந்த ஆப்பை முதலில் போனிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தியாவில் இருப்பவர் அங்கீகாரம் பெற்றவர்களுடன், அனுமதிக்கப்பட்ட காரணத்துக்காக மட்டுமே அந்நியச் செலாவணி வியாபாரம் செய்யலாம். ஆன்லைன் என்றால் ரிசர்வ் வங்கி அனுமதித்த தளமாகவோ அங்கீகரிக்கப்பட்ட பங்குச்சந்தையாகவோ இருக்க வேண்டும். அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்டது, பிறகும் பெயர்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று ஆகாது. வெளிநாட்டு மார்ஜினுக்காக எல்ஆர்எஸ் (தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் திட்டம்) வழியாகப் பணம் அனுப்புவதற்கும் தடை. மாட்டினால் ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி உங்கள் மேலும் நடவடிக்கை வரலாம்.

நம் சந்தை விதியையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 மே 3 முதல், ரூபாய் சம்பந்தப்பட்ட ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) போட வேண்டுமானால் உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ பின்னால் இருக்க வேண்டும். 10 கோடி டாலர் வரை ஆவணத்தை முன்கூட்டிக் காட்ட வேண்டாம், ஆனால் கேட்டால் காட்ட முடிய வேண்டும். சும்மா ஊகத்துக்காக டாலர்–ரூபாய் போடுவது இதோடு நின்றது. உங்களுக்கு இன்வாய்ஸ் இருக்கிறது, ஷிப்பிங் பில் இருக்கிறது, கவலை இல்லை. இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.

செம்பூர்_கணக்கர்

இப்போது உங்கள் கேள்விக்கே வருகிறேன். டாலர் வரப்போகிறது, இறங்கினால் நஷ்டம், அதனால் ஃபியூச்சர்ஸை *விற்க* வேண்டும். 12,000 டாலருக்கு 12 லாட். பணம் வரும் மாதத்தின் காண்டிராக்டைப் பாருங்கள். வட்டி வித்தியாசத்தால் வழக்கமாக அது இன்றைய விலையைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும், ஏற்றுமதியாளருக்கு அது சாதகம். வங்கியில் பணம் மாற்றுகிற அன்றைக்கே 12 லாட்டையும் திருப்பி வாங்கி முடித்துவிடுங்கள்.

பெரும்பாலானவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். டாலர் 90-இலிருந்து 92-க்கு ஏறினால் இன்வாய்ஸில் உங்களுக்கு 24,000 கூடுதல், ஃபியூச்சர்ஸில் 24,000 குறை. மொத்தத்தில் சரிதான். ஆனால் ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தைத் தினமும் ரொக்கமாகக் கட்ட வேண்டும், இன்வாய்ஸ் பணம் 60-ஆம் நாள்தான் வரும். 32,400 மட்டும் போட்டு வைத்தால் இடையில் தரகர் பணம் கேட்பார், கட்ட முடியாவிட்டால் பொசிஷனை மூடிவிடுவார், உங்கள் பாதுகாப்பு பாதி வழியில் அறுந்துபோகும். 12 லாட்டுக்குக் குறைந்தது 70,000 ரூபாயாவது அந்தக் கணக்கில் நிற்கட்டும். தோல் வாங்க வைத்திருக்கும் பணத்திலிருந்து எடுக்க வேண்டிய நிலை என்றால் 12 வேண்டாம், 6 லாட்டோடு நிறுத்துங்கள், பாதித் தொகையாவது காப்பாற்றப்படும். தினமும் இந்த ரொக்கத் தொல்லை வேண்டாம் என்றால் வங்கியிடம் ஃபார்வர்டு காண்டிராக்ட் (பணம் வரும் நாளுக்கு இன்றே வங்கியுடன் விலை பேசி வைப்பது) கேளுங்கள், என்ன விலை, என்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

காலாகில்லா_தோல்பை

ரொம்ப நன்றி, இப்போது தெளிவாக இருக்கிறது. ஆப்பை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம், வாங்குகிறவர் பணத்தைத் தள்ளிப்போட்டால்? அது அடிக்கடி நடக்கிறது.

செம்பூர்_கணக்கர்

அந்த மாதக் காண்டிராக்டைத் திருப்பி வாங்கி, அடுத்த மாதத்தை விற்றுவிடுங்கள். மாதத்தின் கடைசி வேலை நாளுக்கு இரண்டு வேலை நாள் முன்பு, மதியம் 12:30-உடன் காண்டிராக்ட் முடிந்துவிடும். கடைசி நாள் வரை காத்திருக்காமல் ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே மாற்றுங்கள். ஆர்டரே ரத்தானால் அன்றே 12 லாட்டையும் மூடிவிடுங்கள், பின்னால் இன்வாய்ஸ் இல்லாமல் அதை வைத்திருக்க உங்களுக்கு அனுமதி இல்லை.