புதுப்பிப்பு: பாஸ்டர் நாயகன், போலிக் காதல், ஓலை பற்றி ஒரு திருத்தம்

காட்பாடி சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) பாஸ்டரும் ஒரு நர்ஸும் காதலர்களாக நடிக்கும் நாவலுக்கு முன்பு இங்கே கதைத்திட்டம் போட்டிருந்தேன். அதில் "ஓலை வாசிக்கும் அன்று பொய் உடையட்டும்" என்ற வரியை அடித்துவிடுங்கள்.

ஓலை என்பது சபையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு; மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவே, தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று கேட்டு வாசிக்கப்படுவது. அதுவரை நடிப்பு நீண்டால் அது சபைமுன் சொன்ன பொய். எந்த வாசகரும் பாஸ்டரை மன்னிக்க மாட்டார். ஓலைக்குப் பெயர் எழுதிக் கொடுப்பதற்கு முந்தின இரவே உடைத்துவிடுங்கள்.

பொய்யைப் பாஸ்டர் வாயால் தொடங்கவும் வேண்டாம். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா, "ஐயா, பொண்ணு பார்த்தாச்சாமே?" என்கிறார். பாஸ்டர் மறுக்காமல் டீ டம்ளரைப் பார்க்கிறார். அவ்வளவு போதும், வேலூர்த் தோட்டப்பாளையம் வரை சேதி போய்விடும்.

"கல்யாணம் எப்போ?" என்ற நெருக்கடிக்கு லெந்து காலம் (தவக்காலம்) கைகொடுக்கும். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை, ஞாயிறுகளையும் சேர்த்து 46 நாள். அந்த நாட்களில் கல்யாணம் வைப்பது வழக்கமில்லை. நடிப்பு நிஜமாக மாற அந்த அவகாசம் தாராளம்.

நாயகி கத்தோலிக்கராக இருந்தால் ஒரு சின்ன அழகு: பத்துக் கட்டளைகளை இரு சபைகளும் எண்ணும் முறை வேறு என்பதால், 'பொய்ச்சாட்சி சொல்லாதே' என்ற கட்டளை அவளுக்கு எட்டாவது, பாஸ்டருக்கு ஒன்பதாவது. சண்டைக் காட்சிக்கு நடுவே இதை வைத்தால் சிரிப்பும் வரும்.

பாஸ்டர் உண்மையை அறிக்கை செய்யும் வரிசை: முதலில் அவளிடம், பிறகு இரு வீட்டுப் பெற்றோரிடம், சபைக் கமிட்டியிடம், பிரசங்க பீடத்தில் கடைசியாக.