'சாம்பல் மண்டலம்' வேண்டாம், 'போர்தொடா' என்று வைக்கலாமா?

வணக்கம் நண்பர்களே,

> அமெரிக்க–சீன உறவு பற்றி எழுதுகிறவர்கள் 'சாம்பல் மண்டலம்' என்கிறார்கள். அதையே நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாமே?

போர் என்று சொல்லிவிட முடியாதபடி அளந்து செய்யும் அடாவடிக்கு ஆங்கிலத்தில் 'grey zone' என்கிறார்கள், அதன் நேர்பெயர்ப்புதான் இது. ஏற்றலாம்தான், படிப்பவருக்கு என்ன புரியும்? தமிழில் சாம்பல் என்றால் எரிந்து முடிந்தது. இங்கே தீயே பற்றவில்லை. பற்றாமல் பார்த்துக்கொள்வதில்தான் முழு சாமர்த்தியமும்.

எதற்குப் பெயர் வைக்கிறோம் என்று பார்ப்போம். தென்சீனக் கடலில், சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் இரண்டாம் தாமஸ் திட்டு. 1999இல் பிலிப்பைன்ஸ் சியரா மாட்ரே என்ற பழைய கப்பலை அங்கே வேண்டுமென்றே தரைதட்ட விட்டு, அதையே காவல்நிலையாக வைத்திருக்கிறது. துருப்பிடித்த அந்தக் கப்பலில் இருக்கும் வீரர்களுக்கு உணவும் தண்ணீரும் கொண்டுபோகும் படகுகளைச் சீனக் கடலோரக் காவல்படை மறித்தது, இடித்தது, தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. 2024 ஜூன் 17 அன்று கத்தி, கோடரியோடு வந்து ரப்பர் படகுகளைக் கிழித்தார்கள். பிலிப்பைன்ஸ் கடற்படை வீரர் ஒருவருக்குக் கட்டைவிரல் போயிற்று. துப்பாக்கி மட்டும் வெடிக்கவில்லை.

காரணம் இருக்கிறது. அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் 1951இல் செய்துகொண்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் 'ஆயுதத் தாக்குதல்' நடந்தால்தான் உயிர்பெறும். கோடரி அதில் சேருமா? வழக்கறிஞர்கள் நாள் முழுக்க வாதாடலாம். அந்த வாதத்துக்கு இடம் இருக்கும்வரை அமெரிக்கக் கடற்படை நேரடியாக இறங்காது என்பதுதான் சீனாவின் கணக்கு. பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸும் சீனர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்றாரே தவிர, ஆயுதத் தாக்குதல் என்று சொல்லவில்லை. பிலிப்பைன்ஸ் குடிமகன் ஒருவர் வேண்டுமென்று கொல்லப்பட்டால் அது போருக்கு மிக நெருக்கமான செயல் என்று சில வாரங்களுக்கு முன்புதான் சிங்கப்பூரில் ஷாங்ரி-லா பாதுகாப்பு மாநாட்டில் அவர் பேசியிருந்தார். உயிர் போகவில்லை, விரல்தான் போனது. இந்தக் கணக்கைச் சொல் காட்ட வேண்டும்.

'நிழல் போர்', 'மறைமுகப் போர்' இரண்டும் வேறொருவனை முன்னால் விட்டு நடத்துவதற்கு ஏற்கெனவே போய்விட்டன. இங்கே முன்னால் நிற்பது அரசின் சொந்தக் கப்பலேதான், பக்கத்தில் மீன்பிடிப் படகு வேடத்தில் துணைப்படை. ஆகவே போர் என்ற எல்லையைத் தொடாத என்ற பொருளில் 'போர்தொடா' என்ற அடையை முன்வைக்கிறேன்.

> 'பனிப்போர்' சொல்லுக்குச் சொல் பெயர்த்ததுதானே, நிலைக்கவில்லையா?

நிலைத்தது. அதில் 'போர்' இருப்பதால் பாதிப் பொருள் கையில் சிக்கியது. சாம்பல் மண்டலத்தில் எந்தப் பாதியும் சிக்காது.

சரி, பின்னால் எதைச் சேர்ப்பது? தைவான் வசமுள்ள கின்மென் தீவை ஒட்டிச் சீனக் காவல்படை ரோந்து வருவதைப் போர்தொடாச் சீண்டல் எனலாம். கோடரிக்குச் சீண்டல் என்பது ரொம்ப இளகிய சொல். அதற்குப் போர்தொடா வன்செயல். 'மண்டலம்' வேண்டும் என்பவர்களுக்குப் போர்தொடா நிலை இருக்கிறது. அப்புறம், சீண்டலுக்கு முன் 'ச்' மிகும், ஏனென்றால் 'தொடா' என்பது 'தொடாத' என்பதன் கடைசி எழுத்து கெட்ட வடிவம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். செய்தித்தாள்கள் அதை விட்டுவிடும், பரவாயில்லை. சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா என்பதிலும் எனக்குப் பிடிவாதம் இல்லை.