நைட்ராக்ஸ் 32 வைத்தும் 18 மீட்டரில் ஆக்ஸிஜன் அலாரம்: கம்ப்யூட்டர் பழுதா? மாற்றுவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

நீர்க்காகம்:

வணக்கம் நண்பர்களே. கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் (நீருக்கடியில் ஆழத்தையும், எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பதையும் சொல்வது), ஆரம்ப நிலை மாடல்தான் வைத்திருக்கிறேன். அது செய்த வேலையைச் சொல்கிறேன், என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள்.

காலையில் 32 சதவீத நைட்ராக்ஸ், அதாவது காற்றைவிட ஆக்ஸிஜன் கூடுதலாக, 32 சதவீதம் இருக்கும் கலவை. அனலைசரில் அளந்து, கம்ப்யூட்டரிலும் 32 வைத்து இறங்கினேன். 24 மீட்டர் வரை போய்வந்தோம், ஒரு குறையும் இல்லை. மேலே ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி. அடுத்த சிலிண்டரும் அதே 32, அதையும் அளந்தாயிற்று. இரண்டாவது டைவில் 18 மீட்டரைத் தொட்டதும் கத்த ஆரம்பித்துவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு, நடுவில் பிபிஓ2 (ஆக்ஸிஜன் பகுதி அழுத்தம், அளவு மீறினால் ஆபத்து) என்று மின்னுகிறது. ஆழம் தெரியவில்லை, எத்தனை நிமிடம் மிச்சம் என்றும் தெரியவில்லை. பட்டனை அழுத்தினால் ஒரு கணம் போகும், திரும்ப வந்து நிற்கும். ஒரு மீட்டர் ஏறினால் அமைதி, இறங்கினால் மறுபடி கச்சேரி.

ஏறி நின்ற இடத்தில் என்.டி.எல். (வழியில் கட்டாயமாக நிற்காமல் மேலே வர, அந்த ஆழத்தில் இருக்கக்கூடிய நிமிடங்கள்) பார்த்தால், கூட வந்தவருடையதில் பாதிகூட இல்லை. அவருக்கும் அதே கலவை, அதே ஆழம், காலை டைவும் ஒன்றாகத்தான் போனோம்.

ஆழம் அளக்கும் சென்சார் போய்விட்டதா? மாற்றத்தான் வேண்டும் என்றால் அடுத்ததில் என்ன வசதி இருக்க வேண்டும்? விளம்பரத்தைப் பார்த்தால் எல்லாவற்றிலும் எல்லாம் இருக்கிறது.

குமிழி:

சென்சார் துளையில் உப்பு அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஊற வைத்துப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் சரியானது. ஊசி மட்டும் விட்டுக் குத்திவிடாதீர்கள்.

பழைய துடுப்பு:

குமிழி தம்பி, உப்பு அடைத்தால் ஆழம்தான் தப்பாகக் காட்டும். நீர்க்காகம், உங்கள் ஆழமும் கூட வந்தவர் ஆழமும் ஒத்துப்போனதா? அதை முதலில் சொல்லுங்கள்.

நீர்க்காகம்:

ஒத்துப்போனது அண்ணா. அரை மீட்டர் வித்தியாசம்கூட இல்லை.

பழைய துடுப்பு:

அப்படியென்றால் சென்சார் நன்றாகவே இருக்கிறது. விடை அந்த 18 மீட்டரிலேயே இருக்கிறது.

18 மீட்டரில் மொத்த அழுத்தம் 2.8 பார். 32 சதவீதம் என்றால் ஆக்ஸிஜன் பகுதி அழுத்தம் 0.9 பார்தான் வரும், அலாரம் அடிக்க வேலையே இல்லை. ஆனால் கலவை 50 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2.8-இல் பாதி, சரியாக 1.4. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் அலாரம் வைத்திருக்கும் எல்லை அதுதான். ஆக, உங்கள் கம்ப்யூட்டர் இரண்டாவது டைவில் 50 சதவீதம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

சில மாடல்களில் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. நைட்ராக்ஸ் வைத்து ஒரு டைவ் முடிந்து மேலே வந்தால், கொஞ்ச நேரத்தில் நீங்கள் வைத்த எண்ணை அதுவே அழித்துவிடும். அடுத்த சிலிண்டருக்குப் புதிதாக எண் வைக்காமல் இறங்கினால், ஆக்ஸிஜன் கணக்குக்கு 50 சதவீதம் என்றும், உடம்பில் சேரும் நைட்ரஜன் கணக்குக்கு 79 சதவீதம், அதாவது வெறும் காற்று என்றும் எடுத்துக்கொள்ளும். கூட்டினால் 129 வருகிறதே என்று கேட்காதீர்கள். உலகில் இல்லாத வாயுதான், ஆனால் இரண்டு பக்கமும் மோசமானதை எடுத்துக்கொண்டால் ஆள் பிழைப்பான் என்பது தயாரித்தவர்கள் எண்ணம்.

என்.டி.எல். ஏன் பாதியானது என்பதும் இதில் வந்துவிடும். 32 நைட்ராக்ஸில் 18 மீட்டர் என்பது நைட்ரஜன் கணக்கில் காற்றில் 14 மீட்டருக்குச் சமம். உங்கள் கம்ப்யூட்டர் முழு 18 மீட்டருக்கும் காற்றுக் கணக்குப் போட்டது. பாடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் அட்டவணையிலேயே 18 மீட்டருக்குக் காற்றில் 56 நிமிடம், 32-இல் 95 நிமிடம். அதன் மேல் காலை டைவின் மிச்ச நைட்ரஜன் வேறு. பாதிக்குக் கீழே போனதில் ஆச்சரியம் இல்லை.

நைட்ராக்ஸ் மெனுவில் ‘டிஃபால்ட்’ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

நீர்க்காகம்:

இருக்கிறது! ‘எஃப்ஓ2 (கலவையில் ஆக்ஸிஜன் பங்கு) டிஃபால்ட்’, ஆன் என்று இருந்தது. இப்போது ஆஃப் செய்துவிட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன் அண்ணா, டைவ் திரையில் ஓர் ஓரத்திலாவது ‘50’ என்று போட்டிருந்தால் நான் இறங்கும் முன்பே பார்த்திருப்பேனே. இரண்டு முறை பட்டனை அழுத்தி உள்ளே போனால்தான் கலவை தெரிகிறது.

பழைய துடுப்பு:

அங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை தொடங்குகிறது. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை: ஆஃப் செய்துவிட்டால் வைத்த 32 அப்படியே நிற்கும். நாளைக்குக் காற்று சிலிண்டர் மாட்டிக்கொண்டு மறந்துபோய் இறங்கினால், இல்லாத நிமிடங்களை இருப்பதாகக் காட்டும். அது இன்றைக்கு நடந்ததைவிட ஆபத்து. இன்றைக்கு நடந்தது தொந்தரவு மட்டும்தான்: திசுக் கணக்கும் (உடம்பின் திசுக்களில் சேர்ந்த நைட்ரஜன்) ஆக்ஸிஜன் கணக்கும் உண்மையைவிடக் கூடுதலாக ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

சரி, வசதிகள். என்னைக் கேட்டால் முதல் வசதி இது: கம்ப்யூட்டர் எதை நம்பிக் கணக்குப் போடுகிறதோ அது எப்போதும் முதல் திரையில் தெரிய வேண்டும். கலவை என்ன, முன்னெச்சரிக்கை அளவு (எவ்வளவு கூடுதல் பாதுகாப்போடு கணக்குப் போடுகிறது) என்ன, நன்னீரா உப்புநீரா. இறங்குவதற்கு முன், ‘நேற்று 32, இன்றும் அதுதானா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். அழிக்கவும் வேண்டாம், அப்படியே விடவும் வேண்டாம்.

அந்த முன்னெச்சரிக்கை அளவு பற்றி ஒரு வார்த்தை. சில கம்பெனிகள் பி0, பி1, பி2 என்று மட்டும் போடுகின்றன. பி1 என்றால் எவ்வளவு? அவர்களுக்குத்தான் வெளிச்சம். பியூல்மன் என்ற நைட்ரஜன் கணக்கு முறையில் ஓடும் கம்ப்யூட்டர்களில் கிரேடியன்ட் ஃபேக்டர் என்று இரண்டு எண் கொடுப்பார்கள், 40/85 என்பது போல. இரண்டாவது எண் 85 என்றால், மேலே வரும்போது எந்தத் திசுவும் அந்தக் கணக்கு முறை அனுமதிக்கும் எல்லையில் 85 சதவீதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது என்று பொருள். எந்த பிராண்டாக இருந்தாலும் இந்த எண்ணுக்குப் பொருள் மாறாது. நானும் கூட வருபவரும் ஒரே எண் வைத்தால் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே நிமிடம் காட்டும். பி1-ஐ வைத்துக்கொண்டு யாரோடு ஒப்பிடுவது?

ஆமையோட்டம்:

அண்ணன் சொன்னதோடு சேர்த்து: அலாரம் என்ற பெயரில் திரையை மூடும் கம்ப்யூட்டரை நான் தொடவே மாட்டேன். ஆபத்து என்று சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் ஆழத்தை மறைத்தால் எப்படி? ஆழம், நேரம், என்.டி.எல். மூன்றும் என்ன ஆனாலும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும். அலாரம் ஓரமாக நிற்கட்டும், ஒரு தடவை பட்டனை அழுத்தினால் ‘பார்த்துவிட்டார்’ என்று புரிந்துகொள்ளட்டும்.

அப்புறம் சத்தம். ஒரு குழுவாக மேலே ஏறும்போது எங்கேயோ ஒன்று கீச்சிடும். தண்ணீரில் சத்தம் காற்றைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்றே காதுக்குப் பிடிபடாது. உடனே எல்லாரும் தன் தன் மணிக்கட்டைப் பார்ப்பார்கள். கத்துகிற கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் மட்டும் மீனைப் பார்த்துக்கொண்டிருப்பார்! அதிர்வு இருந்தால் நல்லது, ஆனால் 7 மில்லிமீட்டர் டைவ் உடைக்கு மேல் கட்டினால் அதுவும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது தாண்டியவன்:

எழுத்து பெரிதாக இருக்கட்டும் ஐயா. மாஸ்க்குக்குள் இருந்து பார்த்தால் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு பெரிதாக்கிக் காட்டும்தான், இருந்தாலும் எனக்குப் போதவில்லை. வண்ணம், வரைபடம் எதுவும் வேண்டாம். கையை மடக்கிய மாத்திரத்தில் படிக்க முடிந்தால் சரி.

குமிழி:

ஓஎல்இடி திரை வாங்குங்கள், இருட்டிலும் கலங்கலிலும் பளிச்சென்று இருக்கும். படகில் வெயிலில் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

நீர்க்காகம்:

பேட்டரி பற்றி யாராவது சொல்லுங்கள். சார்ஜ் ஏற்றுவதா, மாற்றுவதா?

பழைய துடுப்பு:

நானே மாற்றக்கூடிய பேட்டரிதான் என் கட்சி. சாதாரண ஏஏ போடும் மாடல்கள் இருக்கின்றன, எங்கே போனாலும் கிடைக்கும். சார்ஜ் வகையில், கேபிள் வீட்டில் இருந்தால் டைவும் வீட்டில்தான்.

ஆனால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பேட்டரியைக் கழற்றினால் திசுக் கணக்கு நிற்குமா, அழியுமா? இரண்டு டைவுக்கு நடுவில் பேட்டரி மாற்றி, கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விட்டால், உங்கள் உடம்பில் இருக்கும் நைட்ரஜன் அதற்குத் தெரியாது. புத்தம் புது ஆளாக நினைத்து நிமிடங்களை அள்ளிக் கொடுக்கும். பியூல்மனின் 16 திசுக்களில் மெதுவானதற்கு அரை ஆயுள் 635 நிமிடம். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் வடிந்துவிடாது. நல்ல கம்ப்யூட்டர் பேட்டரி இல்லாமலும் அந்தக் கணக்கைக் காப்பாற்றி வைக்கும். எந்த விளம்பரத்திலும் இதைப் பெரிய எழுத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

மூன்றாம்படி:

நான் பயிற்சி கொடுப்பவன். யாரும் லாக்அவுட் பற்றிப் பேசவில்லையே. டெகோ ஸ்டாப்பை (நைட்ரஜன் வடிய, ஏறும் வழியில் கட்டாயமாக நிற்க வேண்டிய இடம்) விட்டுவிட்டு மேலே வந்தால் பல கம்ப்யூட்டர்கள் 24 அல்லது 48 மணி நேரம் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டு, ஆழமும் நேரமும் மட்டும் காட்டும். இது இருக்க வேண்டும் என்பது என் கருத்து. புதியவர்கள் விதியை மீறிவிட்டு அடுத்த டைவுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆமையோட்டம்:

சார், மன்னிக்கவும், இதில் உங்களோடு சேர மாட்டேன். ஒருவன் ஸ்டாப்பை விட்டதற்கு ஆயிரம் காரணம் இருக்கும், வாயு தீர்ந்தவனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். கணக்கு அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டு உட்கார்ந்தால் அது யாருக்கு உதவி? எச்சரிக்கட்டும், பதிவில் சிவப்பாகப் போடட்டும், கணக்கை நிறுத்த வேண்டாம். மறுநாள் இறங்கக் கூடாது என்று சொல்ல நீங்கள் இருக்கிறீர்களே.

மூன்றாம்படி:

நான் எல்லாப் படகிலும் இல்லையே! சரி, மாற்றிக்கொள்ளும் வசதியாக இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். பழகுபவருக்கு ஆன், தேர்ந்தவருக்கு ஆஃப்.

பழைய துடுப்பு:

இதில் நான் ஆமையோட்டம் பக்கம். அடிக்கடி கவனிக்காமல் விடும் இன்னொன்று சர்ஃப் ஜிஎஃப் (ஜிஎஃப் என்றால் அதே கிரேடியன்ட் ஃபேக்டர்). இந்த நொடியே நேராக மேலே போனால் எல்லையில் எத்தனை சதவீதத்தில் இருப்பேன் என்று சொல்லும் எண். 5 மீட்டரில் சேஃப்டி ஸ்டாப் நிற்கும்போது அதைத் திரையில் வைத்துக்கொண்டால், எண் ஒவ்வொன்றாக இறங்குவது தெரியும். மூன்று நிமிட டைமர் முடிந்தது என்பதைவிட இது எவ்வளவோ விவரமானது. மூன்று நிமிடம் ஆகியும் 80-க்கு மேலேயே நின்றால், வாயு இருக்கிறது, அலையும் இல்லை, இன்னும் இரண்டு நிமிடம் தொங்கினால் என்ன குறைந்துவிடும்?

இதெல்லாம் நேற்று வந்த யோசனை என்று நினைக்காதீர்கள். 1983-இல் வந்த ஆர்கா எட்ஜ் என்ற கம்ப்யூட்டர் செங்கல் மாதிரி இருக்கும், ஆனால் 12 திசுக்களையும் தூண் தூணாக வரைந்து எது நிரம்புகிறது என்று காட்டியது. அதன் பிறகு வந்த எத்தனையோ கைக்கடிகாரங்கள் அதை மறைத்துவிட்டு ஒரே ஓர் எண்ணை நீட்டின.

குமிழி:

வயர்லெஸ்ஸில் சிலிண்டர் அழுத்தம் காட்டுவது வேண்டாமா? எனக்கு அது இல்லாமல் முடியாது. எவ்வளவு வேகமாக மூச்சு இழுக்கிறேன் என்பதிலிருந்து எத்தனை நிமிடத்துக்கு வாயு வரும் என்றும் சொல்கிறது.

ஆமையோட்டம்:

வைத்துக்கொள்ளுங்கள், அழுத்தமானியைக் கழற்றாதீர்கள். எனக்கு கேமரா ஸ்ட்ரோப் (ஃபிளாஷ்) அடிக்கும்போதெல்லாம் சிக்னல் விட்டு விட்டு வரும். ஆனால் கூட வருபவரின் அழுத்தமும் என் திரையில் தெரிவது உண்மையிலேயே நல்ல வசதி. ‘எவ்வளவு இருக்கிறது’ என்று சைகையில் கேட்டுக் கேட்டே சிலர் பாதி வாயுவைத் தீர்ப்பார்கள்.

நாற்பது தாண்டியவன்:

ஜிபிஎஸ்?

பழைய துடுப்பு:

ஜிபிஎஸ் சிக்னல் தண்ணீருக்குள் வராது. இறங்கிய இடமும் ஏறிய இடமும் பதிவாகும், நடுவில் ஒன்றும் கிடையாது. இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் காசு கூடக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாம்படி:

பதிவை வெளியே எடுக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். கம்பெனி ஆப் நாளைக்கு நின்றுபோனால் உங்கள் டைவ் வரலாறு அதோடு போகும். சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-இல் தொடங்கியது, அவரும் டைவர்தான். அதில் ஆதரிக்கும் கம்ப்யூட்டர்களின் பட்டியல் உண்டு. அந்தப் பட்டியலில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

நீர்க்காகம்:

எல்லாருக்கும் நன்றி. இப்போதைக்கு இதையே வைத்துக்கொள்கிறேன். டிஃபால்ட் ஆஃப், ஒவ்வொரு சிலிண்டருக்கும் அளந்த கையோடு எண்ணையும் பார்ப்பது என்று முடிவு. ஆழத்தை மறைக்கும் அந்தச் சிவப்புத் திரையை அணைக்க மட்டும் மெனுவில் எங்கும் வழியில்லை, அதற்காகவே எப்போதாவது மாற்றுவேன். கடைசியாக ஒன்று: கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்? உலர்ந்த இடத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

பழைய துடுப்பு:

கடைக்குப் போகும் முன் அந்த மாடலின் கையேட்டை இறக்கி மூன்று பக்கம் மட்டும் படியுங்கள். நைட்ராக்ஸ் அமைப்பு, விதிமீறல், பேட்டரி மாற்றுதல். இந்த மூன்றில் வசதிகளைப் பற்றி அவர்கள் விளம்பரத்தில் சொல்லாதது எல்லாம் இருக்கும். கடைக்கு டைவ் கையுறையைக் கொண்டுபோய், அதைப் போட்டுக்கொண்டு கலவையை 21-இலிருந்து 32-க்கு மாற்றிப் பாருங்கள். கடைக்காரர் உதவி இல்லாமல் முடிந்தால் வாங்கலாம்.