லூப், இஃப் எல்லாம் புரிகிறது. கணக்கைக் கொடுத்தால் கை ஓடவில்லை

கேள்வி

வணக்கம். பைத்தான் புரோகிராமிங் மொழியில் வேரியபிள், இஃப், லூப், லிஸ்ட், ஃபங்ஷன் வரை முடித்துவிட்டேன். அடுத்தவர் எழுதிய கோடைப் படித்தால் வரிக்கு வரி புரிகிறது. நானே எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. இப்போது மாட்டியிருக்கும் கணக்கு: ஒரு லிஸ்டில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும், வரிசைப்படுத்தும் ஃபங்ஷனைப் பயன்படுத்தக் கூடாது. நான் எழுதியதன் சாரம் இது:

பெரியது = 0, அடுத்தது = 0
ஒவ்வொரு எண்ணுக்கும்:
எண் > பெரியது என்றால், பெரியது = எண்
இல்லாவிட்டால், எண் > அடுத்தது என்றால், அடுத்தது = எண்

8, 5, 3 கொடுத்தால் 5 வருகிறது. 4, 7, 2 கொடுத்தால் 2 வருகிறது. 4 அல்லவா வர வேண்டும்? இஃப் வரிகளை மாற்றி மாற்றிப் போட்டும் பார்த்துவிட்டேன். இந்தப் பிழையோடு, பொதுவாக இப்படிப்பட்ட கணக்குகளை எப்படி அணுகுவது என்றும் சொல்லுங்கள்.

பதில் 1

வரிகளை மாற்றிப் போட்டுப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். அப்படிச் சரியான விடை வந்தாலும் ஏன் வந்தது என்று தெரியாது. அடுத்த கணக்கிலும் இதே இடத்தில் நிற்பீர்கள். ஒரு தாளை எடுத்து, நீங்களே கம்ப்யூட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் எந்த வேரியபிளில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள்:

4 வந்தபின்: பெரியது 4, அடுத்தது 0
7 வந்தபின்: பெரியது 7, அடுத்தது 0
2 வந்தபின்: பெரியது 7, அடுத்தது 2

நடுவரியைப் பாருங்கள். 7 வந்ததும் 4 எங்கே போனது? அதன் மேல் 7 எழுதப்பட்டு அழிந்துவிட்டது. 8, 5, 3 சரியாக வந்ததற்குக் காரணம், பெரிய எண் முதலிலேயே வந்துவிட்டதால் முதலிடத்தை இழக்கும் எண் எதுவுமே இல்லை.

திருத்தம் ஒரு வரிதான்: புதிய எண் பெரியதாக இருந்தால், முதலில் அடுத்தது = பெரியது, அதன் பிறகு பெரியது = எண். இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் இரண்டிலும் ஒரே எண் உட்கார்ந்துவிடும். அப்போது 4, 7, 2க்கு விடை 7 என்று தவறாக வரும்.

பொதுவான கேள்விக்கு வருகிறேன். ஒருவர் எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார், திரும்பக் கேட்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் நினைவில் வைத்திருப்பீர்கள்? இரண்டு எண்கள். அவைதான் உங்கள் வேரியபிள்கள். புதிய எண் கேட்டதும் மனத்துக்குள் என்ன செய்கிறீர்கள் என்பதைத் தமிழிலேயே எழுதுங்கள்: "இது முதல் எண்ணைவிடப் பெரியது, எனவே பழைய முதல் இரண்டாமிடத்துக்கு இறங்குகிறது." அந்த வாக்கியத்தை எழுதியிருந்தால் நீங்கள் விட்ட வரி தானாக வந்திருக்கும். தமிழில் சொல்லவே தடுமாறுகிறீர்கள் என்றால் தடை பைத்தானில் இல்லை. கணக்கு இன்னும் மனதில் தெளியவில்லை.

பதில் 2

மேலே சொன்னதோடு சேர்த்துக்கொள்ள வேண்டியது: கோடைத் தொடும் முன்பே நான்கைந்து இன்புட்டையும் அவற்றுக்கு எதிர்பார்க்கும் விடையையும் எழுதி வைங்க. ஓட்டிப் பார்த்த பிறகு எழுதினா, வந்த விடையே சரின்னு தோணிடும்.

இந்தக் கணக்குக்கு 7, 3, 9, 9, 4ன்னு ஒண்ணு வைங்க. விடை 9ஆ, 7ஆ? கணக்கில் சொல்லலைன்னா நீங்கதான் முடிவு பண்ணணும். வெவ்வேறு எண்கள்தான் கணக்குன்னா விடை 7. அதுக்கு இரண்டாவது நிபந்தனையில் "எண் பெரியதுக்குச் சமமாக இல்லை" என்பதையும் சேர்க்கணும்; இல்லாவிட்டால் இரண்டாவது 9 நேராக அடுத்ததில் போய் உட்காரும்.

இன்னொண்ணு -5, -2, -8. இதில் எந்த எண்ணும் 0வைவிடப் பெரிசில்லை, அதனால விடை 0ன்னு வரும். லிஸ்டிலேயே இல்லாத எண்! தொடக்க மதிப்பா 0 போடுவது பலரும் பழக்கத்தில் செய்யும் தப்பு. அப்புறம் 5, 5, வெறும் 5, காலி லிஸ்ட். வெவ்வேறு எண்கள்தான் கணக்குன்னா மூணுக்கும் "இல்லை" என்பதுதான் சரியான விடை.

கேள்வி கேட்டவர்

தாளில் போட்டதும் பளிச்சென்று தெரிந்தது, நன்றி. 0வுக்குப் பதில் லிஸ்டின் முதல் எண்ணையே இரண்டிலும் போட்டுத் தொடங்கினேன். -5, -2, -8க்கு -5 வருகிறது. இது போதுமா?

பதில் 1

போதாது. 9, 4, 2ஐத் தாளில் ஓட்டுங்கள். இரண்டிலும் 9, 4 வருகிறது, 9ஐவிடப் பெரியதல்ல, 2க்கும் அப்படியே. விடை 9. பெரிய எண் முதலில் வந்தால் அடுத்தது அசையவே அசையாது.

"இன்னும் எதுவும் வரவில்லை" என்பதைக் குறிக்கப் பைத்தானில் நன் (None) என்ற மதிப்பு இருக்கிறதே, இரண்டிலும் அதைப் போடுங்கள். ஆனால் பைத்தான் 3இல் நன்னையும் எண்ணையும் பெரிது சிறிது என்று ஒப்பிட்டால் டைப் எர்ரர் வரும். எனவே "பெரியது காலியா, அல்லது எண் பெரியதைவிட அதிகமா" என்று, காலியா என்பதை முன்னால் கேளுங்கள். "அல்லது" (or) போட்டு இணைத்த நிபந்தனையில் முதல் பாதி உண்மையானால் பைத்தான் மறுபாதியைப் பார்க்காது, எர்ரரும் வராது. அடுத்ததுக்கும் இதே முறை. கடைசியில் அடுத்தது காலியாகவே இருந்தால் "இல்லை" என்று அச்சிடுங்கள்.

பதில் 3

எண்களைக் கீபோர்டிலிருந்து வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. இன்புட் ஃபங்ஷன் தருவது எப்போதும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துகளின் வரிசை. எண்ணாக மாற்ற மறந்தால் எர்ரர் வராது, விடை மட்டும் தவறும்: எழுத்தாக ஒப்பிடும்போது 9 என்பது 10ஐவிடப் பெரியது, ஏனென்றால் முதல் எழுத்து 9, 1ஐவிடப் பின்னால் வருகிறது. சத்தமில்லாமல் வரும் இந்த வகைப் பிழைதான் அதிக நேரத்தைத் தின்னும். சந்தேகம் வந்தால் லூப்புக்குள் ஒரு பிரிண்ட் போட்டு மதிப்போடு டைப்பையும் அச்சிட்டுப் பாருங்கள்.

பயிற்சி பற்றி: புதுக் கணக்குகளைத் தேடி ஓடாமல் இதையே திருப்பிப் போடுங்கள். இரண்டாவது சிறிய எண். எண்ணுக்குப் பதில் அது இருக்கும் இடம். பிறகு மூன்றாவது பெரிய எண். இதில் நகர்த்துவதைக் கடைசி இடத்திலிருந்து தொடங்க வேண்டும், முதலிடத்திலிருந்து தொடங்கினால் மேலே பார்த்த அதே அழிப்பு நடக்கும். அரை மணி நேரம் முயன்றும் நகரவில்லை என்றால் விடையைப் பார்ப்பதில் தவறில்லை. பார்த்துவிட்டு மூடிவையுங்கள்; மறுநாள் வெற்றுப் பக்கத்தில் எழுதுங்கள். எழுத வராத வரி எது என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்த வரியைத்தான் தாளில் ஓட்ட வேண்டும்.

ஸ்ட்ரிங்கைத் தலைகீழாக்கும் கணக்குக்குப் போகும்போது தமிழ்ச் சொல்லைக் கொடுத்துக் குழம்பாதீர்கள். "தமிழ்" என்பதன் நீளம் பைத்தானுக்கு 5. இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். திருப்பினால் புள்ளி முன்னால் வந்து நிற்கும், இகரம் ழகரத்தில் ஒட்டிக்கொள்ளும். அங்கே உங்கள் லூப்பில் பிழை இல்லை.